அச்சேறவிருந்த ஆய்வை நிறுத்திய அம்மையாருக்கு நீர்நாய் ஆய்வகத்தாரின் அன்பு மடல்

உயிர்களின் உள்ளெழுத்தை ஊன்றிப் படித்த உயர்மதியீர்! கண்ணுக்கெட்டாத துளியையும் கைநடுங்காமல் கையாண்ட கவின்கரத்தீர்! சிரித்த முகம் சிறிதும் சுருங்காமல் “கொஞ்சம் நிறுத்துங்க” என்று சொல்லி, சொன்ன சொல்லிலிருந்து இம்மியும் இறங்கிவராத இரும்புள்ளத்தீர்! எங்கள் காட்டுயிர் மரபணு ஆய்வகத்தில் மரபணு எழுத்துகளைப் படிக்கும் வரிசையாக்கப் பிரிவுக்குத் தலைவராகவும், பிரிவில் இருந்த எங்களுக்குத் தமக்கையாகவும், பிரிவில் இருந்த கருவிகளுக்குப் பெற்ற தாயாகவும் விளங்கிய பெருமாட்டியீர்! பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் தங்கள் திருமுன் தலைதாழ்த்தி வணங்கி, இம்மடலைப் படிக்கத் துணிகின்றோம்.

துணிகின்றோம் என்பதை ஒப்புக்காக எழுதவில்லை. நாங்கள் எழுதிய எந்தத் தாளும் தங்கள் பென்சில் படாமல் இக்கட்டடத்தின் வாயிலைத் தாண்டியதில்லை. தங்களால் திருத்தப்படாமல் தங்கள் முன்னே வரும் முதல் தாள் இதுவே. பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும். பொறுக்க இயலாவிடில் விழா முடிந்தபின் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். சட்டம் போட்டு மாட்டிய பிறகாயினும் கண்ணாடியைக் கழற்றித் திருத்திக்கொள்ள நாங்கள் கடமைப்பட்டிருக்கின்றோம்.

ஒரே ஒரு மரபணுவைப் படித்து முடிக்க ஒரு பருவம் கழிந்த காலத்தில் தாங்கள் இப்பணியில் சேர்ந்தீர்கள். ஒரு விலங்கின் முழு மரபணுத் தொகுதியும் சில நாள்களில் திரையில் விரிந்துவிடும் காலத்தில் விடைபெறுகிறீர்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வௌவாலின் எச்சத்திலிருந்து அது தின்ற பூச்சிகளை வகைபிரித்தீர்கள். கரையொதுங்கிய ஆமையின் தோல்துணுக்கிலிருந்து அது பிறந்த கடற்கரையைக் கண்டறிந்தீர்கள். உதிர்ந்த ஓர் இறகைக் கொண்டு, ஆந்தைகளின் மூதாதைகள் எந்தப் பனியூழிக் காலத்தில் எண்ணிக்கை குன்றி நின்றன என்று கணித்தீர்கள். உங்களுக்கு என்ன வேலை என்று அயலார் கேட்டபோதெல்லாம், “மிருகங்க கிட்ட விலாசம் கேக்கிற வேலைங்க. வாயால சொல்லாதுங்க, அதான் வேற வழியில கேக்கறோம்” என்று தாங்கள் விடையளித்த நயத்தை எண்ணியெண்ணி இன்றும் சிரிக்கின்றோம்.

குளிரறையில் தாங்கள் அணியும் முழங்கை கிழிந்த நீலக் கம்பளிச் சட்டையையும், சோதனைக் குழாயை நகத்தால் இருமுறை தட்டியபின்னரே மூடும் வழக்கத்தையும், உணவுவேளையில் நீர்நாய் எச்சத்தின் மணம் குறித்துப் பேசக் கூடாது என்று சட்டம் இயற்றிவிட்டு அச்சட்டத்தைத் தாங்களே முதலில் மீறிய பெருந்தன்மையையும் விரித்துரைக்கப் புகுந்தால் இம்மாலை போதாது.

ஆகவே ஒரு விண்ணப்பம். தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால், எழுந்து சென்று உறைபெட்டியின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள் என்பதை அனுபவத்தில் அறிவோம். எனவே அந்த நீர்நாய் விவகாரத்தை, யாரோ ஓர் அம்மையாருக்கு நேர்ந்த கதைபோலச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்களுக்குத் தெரியாத இடங்களைத் தங்கள் கணவரிடமும் களப்பணியாளராகிய கரைக்காரரிடமும் கேட்டு நிரப்பிக்கொண்டோம். இருவரும் ஒரு கோப்பைத் தேநீருக்கே அனைத்தையும் சொல்லிவிட்டார்கள் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கின்றோம்.

ஓர் ஆய்வகத்தில் ஓர் அம்மையார் இருந்தார். ஆய்வகத்துக்கு அப்பால் ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் குறுக்கே பழைய தடுப்பணை ஒன்று இருந்தது. அணைக்கு மேலும் நீர்நாய்கள் வாழ்ந்தன, கீழும் வாழ்ந்தன. அவற்றைப் பிடிக்காமல், மயக்கமருந்து கொடுக்காமல், பாறைகளில் அவை விட்டுச்சென்ற எச்சத்தைச் சேகரித்து, அதிலுள்ள மரபணு எழுத்துகளைப் படித்து அவற்றின் குலவரலாற்றை அறிவது ஆய்வகத்தின் வேலை. சேகரிப்பவர் கரைக்காரர், படிப்பவர் அம்மையார்.

கரைக்காரர் ஆண்டில் பாதியை ஆற்றோரத்திலேயே கழிப்பவர். அவர் வருவதை அவருக்கு முன்னால் வரும் மீன்வாடை அறிவிக்கும். மேலாற்று நீர்நாய்கள் தனி வம்சம் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. “அதுங்க நடக்கிற நடையே வேறக்கா. கீழ இருக்கிறதுங்க சந்தைக்குப் போற மாதிரி ஓடும். மேல இருக்கிறதுங்க கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி நடக்கும்” என்பார். அம்மையார் சிரித்துக்கொண்டே எச்சப்பெட்டியை வாங்கி வைப்பார்.

அந்த நம்பிக்கைக்கு அப்போது ஓர் அவசரம் நேர்ந்திருந்தது. மேலாற்றில் சுற்றுலாப் படகுத்துறை கட்டுவதற்குத் திட்டம் வந்திருந்தது. மேலாற்று நீர்நாய்கள் வேறெங்கும் இல்லாத தனி வம்சம் என்று நிறுவினால் அப்பகுதி காக்கப்படும். நிறுவாவிடில் துறை வந்துவிடும். முடிவெடுக்க வனவிலங்கு வாரியம் விரைவில் கூடவிருந்தது.

அச்சமயத்தில்தான் முடிவுகள் வந்தன. கணினியில் மரபணு எழுத்துகளை ஒப்பிட்டு, ஒவ்வொரு விலங்கையும் ஒரு புள்ளியாக வரைந்து காட்டுபவரை ஆய்வகத்தில் புள்ளித்தம்பி என்பார்கள். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை திரையில் நெருங்கி நிற்கும். உறவு விலகியவை விலகி நிற்கும். அன்று அவர் காட்டிய படத்தில் மேலாற்றுப் புள்ளிகள் ஒரு மூலையிலும் கீழாற்றுப் புள்ளிகள் மறு மூலையிலும் கும்பலாக நின்றன.

கரைக்காரர் திரையையே விரலால் தொட்டுப் பார்த்தார். “பாத்தீங்களாக்கா! இவங்க மேல் வீட்டுக்காரங்க, இவங்க கீழ் வீட்டுக்காரங்க. நான் தொண்டை கிழியக் கத்தினேனே, யாராவது காதுல போட்டுக்கிட்டீங்களா?”

“போட்டுக்கிட்டேன் தம்பி. காதுல போட்டதையெல்லாம் கட்டுரையில போட முடியாதே.”

“இப்ப போடலாமில்ல?”

“இப்ப போடலாம்” என்றார் அம்மையார். அவருக்கும் மகிழ்ச்சிதான். இயக்குநர் அன்று அனைவருக்கும் தம் செலவில் தேநீர் வாங்கிக் கொடுத்தார் என்பதிலிருந்தே அம்மகிழ்ச்சியின் அளவை அவையோர் அறியலாம். கட்டுரை எழுதப்பட்டது, ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது, அச்சுக்கு முந்திய கடைசிப் படி சரிபார்ப்புக்கு வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் அம்மையாரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உயிரியல் பூங்காவில் வயதான பெண் நீர்நாய் ஒன்று இருந்தது. அதற்குப் பெரியம்மா என்று பெயர். அதன் மரபணு எழுத்துகள் முன்பே பலமுறை படிக்கப்பட்டு நன்கு தெரிந்தவை. ஆய்வகத்தில் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாகப் படிக்கும் கருவிகள் இரண்டு இருந்தன. எந்த விலங்கின் மாதிரியை எந்தக் கருவியில் ஏற்றினாலும், கூடவே பெரியம்மாவின் இரத்தத்திலிருந்து எடுத்த ஒரு துளியையும் அம்மையார் ஏற்றிவிடுவார். தெரிந்ததைக் கருவி சரியாகப் படித்தால்தானே தெரியாததையும் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியும்! “பெரியம்மா ஏறாம வண்டி கிளம்பாது” என்று நாங்கள் முணுமுணுத்ததுண்டு. புள்ளித்தம்பியின் கணினியோ, பெரியம்மா ஆற்று விலங்கு அல்ல என்பதால், படம் வரையும் முன்பே அதை ஒழுங்காக நீக்கிவிடும். ஆகவே பெரியம்மா ஒவ்வொரு முறையும் ஏறியது. ஒருமுறையும் படத்தில் வந்ததில்லை.

கடைசிப் படியைச் சரிபார்க்கையில் அம்மையார் ஒரு வரியில் நின்றார். ‘முன்பே அறிந்த ஒப்பீட்டு மாதிரி இரு கருவிகளிலும் ஒத்த முடிவையே தந்தது’ என்பது அவ்வரி. அம்மாதிரி பெரியம்மாவே. எழுதியவர் நல்லெண்ணத்தில் எழுதியிருந்தார். கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்திட அம்மையாருக்கு மனம் வரவில்லை.

“தம்பி, பெரியம்மாவையும் ஒரு தடவை படத்துல போட்டுக் காட்டுங்களேன்.”

“அது ஆத்துலயே இல்லையே மேடம், அது எதுக்கு?”

“சும்மா. இத்தனை வருஷமா கூட்டிட்டுப் போறோம், ஒரு போட்டோவாவது எடுக்க வேண்டாமா?”

புள்ளித்தம்பி சிரித்துக்கொண்டே விசையைத் தட்டினார். படம் விரிந்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. ஒன்றன்மேல் ஒன்றாக விழவேண்டிய பெரியம்மாவின் இரண்டு புள்ளிகளும் இரண்டு மூலைகளில் கிடந்தன. ஒன்று மேலாற்றுக் கூட்டத்தை ஒட்டி, மற்றொன்று கீழாற்றுக் கூட்டத்தை ஒட்டி.

“மேடம்... பெரியம்மா ரெண்டு வீட்லயும் இருக்காங்க.”

அம்மையாருக்கு உடனே விளங்கிவிட்டது. மேலாற்று மாதிரிகள் முதலில் வந்தவை. பழைய கருவியில் படிக்கப்பட்டவை. கீழாற்று மாதிரிகள் பின்னால் வந்தவை; புதிய கருவியில் படிக்கப்பட்டவை. கருவிகள் மரபணு எழுத்துகளை அவற்றின் ஒளிர்வைக் கொண்டே படிக்கும். புதிய கருவிக்கு, ஒளி மங்கிய இடம் எதைக் கண்டாலும் மரபணுவின் நான்கு எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்தையே எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. பழைய கருவிக்கு அப்பழக்கம் இல்லை. பழைய எச்சத்திலும், நெடுநாள் உறைபெட்டியில் கிடந்த பெரியம்மாவின் துளியிலும் சிதைந்துபோன எழுத்துகளோ ஏராளம். எந்த மாதிரியை எந்தக் கருவியில் ஏற்றுவது என்று கலந்து பிரிக்காமல், வந்த வரிசையிலேயே ஏற்றியிருந்தோம். இரண்டு வம்சமாகப் பிரிந்து நின்றவை கருவிகளே, நீர்நாய்கள் அல்ல.

அன்று மாலை வீட்டில் அவர் தட்டின் முன் உட்கார்ந்தபடியே இருந்தார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

“என்ன, ஆத்துல வெள்ளமா?”

“ஒண்ணும் இல்லைங்க.”

“ஒண்ணும் இல்லாததுக்கா தட்டை இப்படி முறைக்கிறே? அது என்ன பண்ணுச்சு பாவம்?”

அம்மையார் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டுக் கணவர் தலையசைத்தார். “கடைக்கு வர்றவங்களும் இப்படித்தாம்மா. புதுக் கண்ணாடி போட்டதும் தரை ஏறி இறங்குதும்பாங்க. தரை அங்கேயேதான் இருக்கும்.”

“அதேதாங்க.”

“அப்புறம் என்ன? சொல்லிடு.”

“சொன்னா அந்தத் தம்பிக்கு ஆறு போயிடும்.”

“சொல்லலைன்னா?”

அம்மையார் தட்டைத் தள்ளி வைத்தார். “சொல்லலைன்னா ஆறு இருக்கும். நான் அவர் முகத்தைப் பாக்க முடியாது” என்றார். கணவர் தட்டை எடுத்து, ஆறியதைச் சூடாக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

மறுநாள் இயக்குநரின் அறை. அவர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார். நடந்ததை நடந்தபடியே எழுதுமாறு அவரே பெருந்தன்மையுடன் பணித்தமையால் எழுதுகின்றோம்.

“மேடம், கடைசிப் படி வந்தாச்சு. வாரியம் கூடப் போகுது. இந்த நேரத்துல போயி...”

“கொஞ்சம் நிறுத்துங்க சார்.”

“யாருக்கும் கெடுதல் இல்லாத தப்பு மேடம் இது. நாலு நீர்நாய் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே.”

“இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை சார். ஆனா நாளைக்கு வேற யாராவது இதைக் கண்டுபிடிச்சா, அப்புறம் நாம உண்மையே சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். இந்த ஒரு தடவைக்காக எல்லாத் தடவையும் போயிடும்.”

அதற்குள் செய்தி கேட்டுக் கரைக்காரர் வந்துவிட்டார். காலணியில் ஈரமண் ஒட்டியிருந்தது. “என்னக்கா, நீங்களே இப்படிப் பண்ணா எப்படி? அந்தப் பாறையில எத்தனை தடவை வழுக்கி விழுந்திருக்கேன், தெரியுமா?”

“தெரியும் தம்பி. மருந்து போட்டு விட்டதே நான்தானே.”

“கூண்டுல இருக்கிற ஒரு கிழட்டு நீர்நாயை நம்பி ஆத்தையே தூக்கிக் குடுக்கறீங்க.”

“அது பொய் சொல்லாது தம்பி. அதுக்கு எந்தப் பக்கமும் கிடையாது.”

கரைக்காரர் கதவுவரை போய்த் திரும்பினார். “சரிங்க மேடம்” என்றார். அக்கா என்றே அழைத்த அவர் வாயிலிருந்து ‘மேடம்’ என்ற சொல் அதுவரை வந்ததேயில்லை. ஆய்விதழ் திருப்பி அனுப்பியிருந்தால்கூட அம்மையாருக்கு அவ்வளவு வலித்திராது.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வாரியத்தின் முன் இயக்குநரும் அம்மையாரும் நேரில் சென்று, தங்கள் முடிவு தவறு என்று தாங்களே கூறினார்கள். படகுத்துறைக்கு அனுமதி கிடைத்தது. கரைக்காரர் ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்தினார். மாதிரிகள் ஓட்டுநரின் கையில் வந்தன. அம்மையார் உறைபெட்டியைத் திறந்து, ஒவ்வொரு மாதிரியிலும் எஞ்சியிருந்ததை வழித்தெடுத்து, மேலாறு கீழாறு என்று பாராமல் வரிசையைக் கலைத்து, ஒரே கருவியில் முதலிலிருந்து படித்தார். இம்முறை எல்லாப் புள்ளிகளும் ஒரே கும்பலாக நின்றன. செய்தி கரைக்குப் போயிற்று. “அந்தப் படத்தையும் மெஷின்தானே போட்டிருக்கும்?” என்று மட்டும் பதில் வந்தது.

சில மாதம் கழித்து ஒரு முற்பகலில் மீன்வாடை வந்தது. பின்னாலேயே கரைக்காரர் வந்தார். கையில் பனிக்கட்டிப் பெட்டி. பெட்டிக்குள் புத்தம்புது எச்சங்கள். குழாய்களின்மேல் வெறும் எண்கள்.

“எது மேல, எது கீழன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்ல மாட்டேன். உங்க மெஷினே பிரிச்சுக் காட்டட்டும். பிரிச்சுட்டா நான் சொன்னது சரி.”

“பிரிக்க முடியலைன்னா?”

“அப்ப பாத்துக்கலாம்.”

அம்மையாரின் முகம் மலர்ந்தது. இருப்பதிலேயே நேர்மையான சோதனை அதுதான். “இதை நான்தான் உங்க கிட்ட கேட்டிருக்கணும். உக்காருங்க” என்றார்.

“வேண்டாம். முடிஞ்சதும் கூப்பிடுங்க.”

முடிந்ததும் கூப்பிட்டார்கள். கருவியால் பிரிக்க முடியவில்லை. ஆனால் புதிய எச்சத்தில் எழுத்துகள் சிதையாமல் முழுமையாகக் கிடைத்திருந்தமையால், அதுவரை கிடைக்காத ஒன்று கிடைத்தது. எந்த விலங்கு எதற்குத் தாய், எது எதற்கு உடன்பிறப்பு என்று சொல்லும் அளவுக்கு எழுத்துகள் தெளிந்திருந்தன. புள்ளித்தம்பி எண்களைப் படிக்க, கரைக்காரர் தம் சட்டைப்பையிலிருந்த தாளோடு ஒத்துப் பார்த்தார்.

“மூணும் பதினொண்ணும் அம்மாவும் புள்ளையும்.”

கரைக்காரர் தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். “மூணு மேல. பதினொண்ணு... கீழ.”

“ஆறும் பதினாலும் கூடப்பிறந்ததுங்க.”

“ஒண்ணு கீழ, ஒண்ணு மேல. என்னக்கா இது, அவ்வளவு உயர அணையை எப்படித் தாண்டுதுங்க?”

“தாண்டுதுன்னு மட்டும்தான் எழுத்துல இருக்கு. எப்படின்னு இல்லை. அது உங்க இடம் தம்பி.”

கரைக்காரர் தமக்கு வாங்கி வைத்த தேநீரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அணையின் ஓரத்தில் புதர் மூடிக் கிடந்த பழைய மதகுக் கால்வாய் ஒன்றை அவர் அதுவரை பொருட்படுத்தியதில்லை. அதன் ஈரச்சுவரில் இரு திசையிலும் கால்தடங்கள் இருந்தன. அணையைப் பழுதுபார்க்கையில் அக்கால்வாயைச் சிமெண்டால் அடைக்கப் போகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. அடைத்திருந்தால், ஒரே குடும்பம் உண்மையாகவே இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தன் சிறு வட்டத்துக்குள் தேய்ந்திருக்கும்.

மீண்டும் வாரியம். இம்முறை கரைக்காரரும் உடன் சென்றார். முழுக்கால் சட்டை அணிந்து சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. விளக்கம் தொடங்கும் முன்பே தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மையாரைப் பார்த்தார்.

“போன தடவை வந்து, ‘நாங்க எழுதினதே தப்பு’ன்னு சொன்னவங்க நீங்கதானே?”

“ஆமாங்க” என்றார் அம்மையார்.

“இந்த மேஜைக்கு முன்னால அப்படிச் சொன்ன முதல் ஆளு நீங்கதான். சொல்லுங்கம்மா, கேக்கறோம்.”

கால்வாய் அடைக்கப்படவில்லை. இன்றும் திறந்திருக்கிறது.

கதை இங்கே முடிகிறது. படகுத்துறை வந்துவிட்டது என்பதையும், விடுமுறை நாள்களில் மேலாற்றில் இரைச்சல் மிகுதி என்பதையும் மறைக்காமல் எழுதுகின்றோம். தோற்றதைத் தோற்கவில்லை என்று எழுதினால் தாங்கள் இம்மடலை ஏற்கமாட்டீர்கள். ஆயினும் அன்று தாங்கள் வாய்மூடி இருந்திருந்தால் மேல்வீடும் கீழ்வீடும் என்றென்றைக்கும் பிரிந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் எழுத எங்களுக்கு உரிமை தரவேண்டும்.

மாண்புமிகு அம்மையீர்! இம்மடலை எழுத ஒன்றுகூடியபோதுதான் ஒன்று எங்களுக்கு உறைத்தது. அவ்வாற்றின் ஒவ்வொரு நீர்நாயின் எழுத்தையும் படித்த தாங்கள், ஒரு நீர்நாயைக்கூட ஆற்றில் நேரில் பார்த்ததில்லை! மாதிரி கெட்டுவிடும், கருவி நின்றுவிடும், யாரேனும் காத்திருப்பார்கள் என்று எத்தனையோ பயணங்களைத் தள்ளிவைத்தீர்கள். ஆகவே பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் பதிலாக, தங்கள் காலளவைத் தங்கள் கணவரிடம் இரகசியமாகக் கேட்டறிந்து, ஓர் இணை ரப்பர்க் காலணியை இந்த அவையில் வழங்குகின்றோம். நாளை விடியலில் கரைக்காரர் வண்டியோடு தங்கள் வாசலில் நிற்பார். மதகுக் கால்வாய்க்கு எதிர்ப்பாறையில் இருவர் உட்கார இடம் பார்த்து வைத்திருக்கிறார். அவர் சொல்லியனுப்பியதை அவர் சொன்னபடியே தருகின்றோம்: “அக்கா, அங்க வந்து எதையும் தொட்டுப் பாக்கக் கூடாது, குழாயில போடக் கூடாது. வாடை தாங்கலைன்னு பாதியில எழுந்தும் வரக் கூடாது. சும்மா உக்காந்து பாருங்க. குட்டிகளோட கடந்து போகும்.”

தங்கள் கண்பார்வை கூர்மை குன்றாமல், கால்கள் வழுக்காமல், நோய் அணுகாமல், துணைவரோடும் சுற்றத்தோடும் தாங்கள் நீடூழி மகிழ்ந்து வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்தி, நாளைக் காலை எத்தனை குட்டிகள் கடந்தன என்பதை அறிய ஆய்வகத்து வாயிலிலேயே காத்திருப்போம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
வரிசையாக்கப் பிரிவினர், கணினிப் பிரிவினர், களப்பணியாளர்கள், வண்டி ஓட்டுநர், இயக்குநர்
காட்டுயிர் மரபணு ஆய்வகம்